கப்பலேறாத மிஸ்டர் கனி

"இங்க யாரெல்லாம் கூட வேலை பாக்கறவங்களோட உங்களைக் கம்பேர் பண்ணிப் பாக்கறீங்க? உண்மையைச் சொல்லணும். கையைத் தூக்குங்க பாக்கலாம்."

கேட்டவர் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர். கழுத்தில் மைக், காலில் பளபளவென்று ஷூ, முகத்தில் அழியாத சிரிப்பு. இடம், தூத்துக்குடியில் ஒரு ஓட்டலின் விழா அரங்கம். முந்தின நாள் அங்கே யாருக்கோ வரவேற்பு நடந்திருக்கிறது. மேடையில் மாப்பிள்ளை பெயரின் தெர்மாகோல் எழுத்துகளில் பாதி உரிந்தும் பாதி ஒட்டியும் இருந்தன. நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி உடுத்திப் பின்னால் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்களுடைய ஒரே விடுமுறை நாளைப் பிடுங்கிக்கொண்டு, வேலையில் சந்தோஷமாக இருப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் துவைக்கப் போட்ட துணி அப்படியே கிடந்தது.

ஒருவரும் கையைத் தூக்கவில்லை. தினமும் டீ நேரத்தில் அவனுக்கு என்ன கிடைத்தது, இவளுக்கு என்ன கிடைத்தது என்று அலசிக் காயப்போடும் அத்தனை பேரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரணம் இருந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் மேனேஜர் சண்முகவேல் சார், யார் கை எழும்புகிறது என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எரிச்சல் வந்தது. கையைத் தூக்கினேன். நன்றாக, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி.

அரங்கத்தில் ஒரு சலசலப்பு. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, பாதிப் பேர் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பினேன். கடைசி வரிசையில் இன்னொரு கை எழும்பியிருந்தது. அது ஜெரால்டின் கை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் எதற்காகக் கையைத் தூக்க வேண்டும்? நான் வருஷக்கணக்காக ஒப்பிட்டு வயிறெரிந்துகொண்டிருந்ததே அவனோடுதானே!

மெயிலில் ஓர் ஆண்

இந்தத் தொடரைப் படித்துவருபவர்களுக்கு என் வாயும் தெரியும், என் வேலையும் தெரியும். இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் செல்வக்கனி. வீடு மில்லர்புரத்தில். வேலை, துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களின் காரியங்களைப் பார்க்கும் ஒரு ஏஜென்சியில்.

ஒரு கப்பல் இங்கே வந்து நிற்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஊர்ப்பட்ட காகிதம் நடக்க வேண்டும். துறைமுகத்தில் இடம், சுங்கத்துறை அனுமதி, குடியுரிமை அதிகாரிகளின் அனுமதி, சுகாதார அனுமதி. அப்புறம் குடிதண்ணீர், காய்கறி, பல்வலி வந்த மாலுமிக்கு டாக்டர். இவ்வளவும் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். முந்தின துறைமுகத்தை விட்டுக் கப்பல் கிளம்பும்போதே அதன் கேப்டனும் நானும் மெயில் எழுதிக்கொள்ள ஆரம்பித்துவிடுவோம். கப்பல் வந்து சேர்வதற்குள் அதில் எந்தச் சமையற்காரருக்கு வெங்காயம் தீர்ந்துபோனது, எந்தப் பையனுக்குப் பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துபடி.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், பின்னால் வரும் கோபத்தைப் பார்த்துவிட்டு இவள் பிறவியிலேயே அதிருப்திக்காரி என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. காற்று கிழக்கேயிருந்து அடிக்கும் நாட்களில் எங்கள் மொட்டைமாடி வரைக்கும் கப்பலின் ஊதல் கேட்கும். துணி காயப்போட்டபடியே, "அந்தா, நம்ம கப்பல்" என்பேன்.

"ஆமா, ஒங்கப்பா சீதனமா வாங்கி விட்டதுலா" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கு ஹார்டுவேர் கடை. ஆணி விற்கிறவர் என்பதால் பேச்சிலும் குத்தல் இருக்கும்.

கேப்டன்கள் எனக்கு எழுதும் மெயில்கள் எல்லாம் 'டியர் மிஸ்டர் கனி' என்றுதான் தொடங்கும். எஸ். கனி என்று கீழே போட்டிருப்பதைப் பார்த்து, இத்தனை காரியம் பண்ணுகிறவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று உலகத்தின் எல்லாக் கடல்களிலும் முடிவு செய்துவிட்டார்கள். முதல் தடவை சிரித்துக்கொண்டே, நான் பெண் என்று திருத்தி எழுதப் போனேன். சண்முகவேல் சார் தடுத்தார்.

"விடுங்கம்மா. ஆம்பளன்னு நெனச்சா பதில் டக்குன்னு வரும். வேல நடக்குதா, அதப் பாருங்க."

வேலை நடந்தது. விட்டுவிட்டேன். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் மிஸ்டர் கனிக்கு வாழ்த்து வரும். மிஸ்டர் கனியின் குடும்பத்தார் நலம் என்று நானே பதில் எழுதுவேன்.

மக்ரூன் ஏறும்

எங்கள் ஏஜென்சியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கப்பல் முதன்முதலாகத் தூத்துக்குடிக்கு வந்தால், கப்பலில் ஏறி கேப்டனுக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு நினைவுக் கேடயமும், எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் ஒரு பெட்டியும் கொடுப்போம். கொடுப்போம் என்றா சொன்னேன்? கொடுப்பார்கள். பிறகு ஒரு போட்டோ. கேப்டன் நடுவில், மேனேஜர் பக்கத்தில், கப்பலேறிக் காகிதத்தில் கையெழுத்து வாங்கும் போர்டிங்காரர் ஓரத்தில். அந்தப் போட்டோக்கள் ஆபீஸ் வாசலில் உத்தரம் வரைக்கும் மாட்டியிருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

மக்ரூனைப் பேக்கரியில் நின்று, அன்று போட்டதா என்று கேட்டு, நொறுங்காமல் அடுக்கச் சொல்லி வாங்கி வருவது நான். மக்ரூன் ஏறும். நான் தட்டிய காகிதங்கள் ஏறும். எங்கள் ஊரில் ஏதாவது என்றால் மானம்கூடக் கப்பலேறும். நான் ஏறியதில்லை.

ஆனால் ஒன்று. அந்தக் காலத்தில் அதற்காக நான் வருத்தப்பட்டதே கிடையாது. போர்டிங் பார்த்தவர்கள் எல்லாம் எனக்கு முன்பே வந்த அண்ணாச்சிகள். அவர்கள் பாதை வேறு, என் பாதை வேறு என்று இருந்தேன். வானத்தில் பறக்கிற விமானத்தைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நம் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் கார் வாங்கினால்தான் நமக்குச் சாப்பாடு இறங்காது.

பக்கத்து நாற்காலி

பழைய போர்டிங் அண்ணாச்சி ஓய்வு பெற்றதும் ஜெரால்டு வந்தான். மணப்பாட்டுக்காரன். அவன் தகப்பனார் மாலத்தீவுக்குத் தோணியில் போய்வந்தவர். நல்ல பிள்ளை, சிரித்த முகம், 'அக்கா, அக்கா' என்று வாய் ஓயாது. என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, எந்தக் காகிதம் எந்த வாசலுக்குப் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். என் டிபன் பாக்ஸிலிருந்து அவனும், அவன் கொண்டுவரும் மீன் வறுவலிலிருந்து நானும் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம்.

ஒரு நாள் காலையில் சண்முகவேல் சார் எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் ஜெரால்டுதான் போர்டிங் ஆபீசர் என்றார். அவனுக்கு வெள்ளை ஹெல்மெட் கொடுத்தார்கள். கார்டு அடித்துக் கொடுத்தார்கள். கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

மறுநாள் அவன் கப்பலிலிருந்து திரும்பி வந்து கதை சொன்னான். கேப்டன் அறையில் காபி கொடுத்தார்களாம். பிலிப்பைன்ஸ் சமையற்காரர் தட்டு நிறைய என்னவோ பொரித்து வைத்தாராம். மேல்தளத்தில் நின்றால் உப்பளம் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறதாம். ஒவ்வொன்றும் எனக்கு நெஞ்சில் சுருக் சுருக்கென்று இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு வேலை கசந்துபோனது. அதே மேசை, அதே கம்ப்யூட்டர், அதே மிஸ்டர் கனி. நேற்று வரைக்கும் ஆசையாகப் படித்த மெயில்களை இன்று கடனே என்று திறந்தேன். வேலையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. பக்கத்து நாற்காலி காலியானது, அவ்வளவுதான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், எனக்கும் போர்டிங் வேணும். எப்பவுமில்ல, அப்பப்பவாவது."

அவர் சிரித்தார். "கனி, அது ஏணிம்மா. ஆடும். நீங்க சேல கட்டிட்டு எப்பிடி ஏறுவிய?"

"சுடிதார் போட்டுக்கிடுதேன் சார்."

"சேஃப்டின்னு ஒண்ணு இருக்குலா. ஹார்பர் பாஸும் லேசுல கெடைக்காது. எதுக்கு இப்ப திடீர்னு? ஜெரால்டு போறதப் பாத்தா? அடுத்தவனப் பாக்காதிய கனி. ஒங்க வேலைய மட்டும் பாருங்க. அவன் வெயில்ல கெடந்து கருவாடாக் காயுதான், நீங்க ஏசில இருக்கிய. அத நெனச்சுச் சந்தோசப்படுங்க."

கவனித்தீர்களா? ஜெரால்டோடு ஒப்பிடாதே என்று ஆரம்பித்தவர், அதே மூச்சில் ஜெரால்டோடு என்னை ஒப்பிட்டு முடித்தார். அவர் ஒப்பிட்டால் புத்திமதி. நான் ஒப்பிட்டால் பொறாமை.

நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். அன்று முழுக்க ஜெரால்டோடு பேசவில்லை. பிறகும் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான். மீன் வறுவல் நின்றுபோனது.

யார் கற்றுக்கொடுத்தது?

இதில் என் ஆத்திரம் சண்முகவேல் சாரோடு நிற்கவில்லை. நினைத்துப் பாருங்கள், இந்த ஒப்பிடுகிற புத்தியை எனக்கு யார் கற்றுக்கொடுத்தது? நானாகக் கடையில் வாங்கினேனா?

சின்ன வயதில் வாசலில் கோலம் போட்டால் அம்மா வந்து நின்று பார்ப்பாள். "ஏளா, சித்தி மவ கலா போடுத கோலத்தப் பாரு. இதென்ன கோழி கிண்டுன மாரி இருக்கு?" பள்ளிக்கூடத்தில் ரேங்க் வரிசைப்படி உட்காரவைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், வேறொரு வீட்டில் பார்த்துவிட்டு வந்த பெண்ணோடு என்னை என் முகத்துக்கு நேரே ஒப்பிட்டார்கள். வேலைக்கு வந்தால், வருஷா வருஷம் யாருக்கு நல்ல மார்க், யாருக்குக் கெட்ட மார்க் என்று தரம் பிரிக்கிறார்கள். வாழ்நாள் முழுக்கத் தராசுத் தட்டில் நிறுத்திவைத்துவிட்டு, எதிர்த் தட்டைப் பார்க்காதே என்றால் என்ன நியாயம்?

திருச்செந்தூரிலும் இதே கதைதான். ஒரு விடுமுறை நாளில் நானும் என் வீட்டுக்காரரும் பொது வரிசையில் கால் கடுக்க நின்றோம். பக்கத்தில் கட்டண வரிசைக்காரர்கள் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார்கள். நான் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு முன்னால் நின்ற ஓர் அண்ணாச்சி சொன்னார்:

"அங்கன பாக்காதம்மா. முருகன் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"முருகன் ஒண்ணுதான் அண்ணாச்சி. வரிசைதான் ரெண்டு" என்றேன்.

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

அக்கரைப் பச்சை

அரங்கத்துக்கு வருவோம். இரண்டு கைகள் தூக்கியபடி நிற்கின்றன.

பயிற்சியாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "வெரி குட்! மேடம், நீங்க யாரோட கம்பேர் பண்றீங்க?"

"அந்தா, கடைசி வரிசைல கையத் தூக்கிட்டு இருக்கான்லா, அவங்கூடத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்க, பிரதர்?"

ஜெரால்டு எழுந்தான். முகம் சிவந்திருந்தது. "கனி அக்காகூட சார்."

இப்போது கூரை அதிரச் சிரித்தார்கள். சண்முகவேல் சார் மட்டும் சிரிக்கவில்லை. பயிற்சியாளர் பலகையில் ஆறு ஒன்றை வரைந்து, இரண்டு பக்கமும் புல் வரைந்து, இக்கரைக்கு அக்கரை பச்சை என்று எழுதினார். அதன் கீழே, போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று எழுதினார். எங்கள் எல்லோரையும் சேர்ந்து அதைப் படிக்கச் சொன்னார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி படித்தோம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அந்த மருந்தை முதலாளிமார் யாராவது ஒரு வேளையாவது சாப்பிட்டுப் பார்த்தது உண்டா? இருக்கிற கப்பல்கள் போதும், இந்த வருஷம் புதுக் கப்பல் வேண்டாம் என்று எந்த மேனேஜராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பக்கத்து ஏஜென்சிக்கு ஒரு கப்பல் கூடுதலாக வந்தால் எங்கள் ஆபீசில் மீட்டிங் போடுவார்கள். போதும் என்ற மனம் சம்பளக்காரர்களுக்கு மட்டும் எழுதிக்கொடுக்கிற மருந்து.

டீ இடைவேளையில் ஜெரால்டு என்னைத் தேடி வராந்தாவுக்கு வந்தான். கையில் வடை, கடிக்காமல் வைத்திருந்தான்.

"அக்கா, எங்கூட என்னத்தக்கா ஒப்பிட்டுப் பாக்கிய? எங்கிட்ட என்ன கெடக்கு?"

"என்னத்தயா? நீ கப்பல் ஏறுத. ஆபீசர்னு கார்டு வச்சிருக்க. ஒனக்கு எங்கிட்ட என்னலே பெருசாத் தெரிஞ்சிது?"

"நீங்க பெர்மனென்ட் அக்கா."

எனக்குப் புரியவில்லை. "நீ இல்லையா?"

"நான் கான்ட்ராக்ட்டுதான். வருசா வருசம் புதுப்பிக்காவ. கார்டுலதான் ஆபீசர். ஊர்ல ஒரு எடத்துல பொண்ணு பாத்தாவ. பொண்ணு வீட்டுல முதக் கேள்வியே பெர்மனென்டான்னுதான் கேட்டாவ. பொய் சொல்ல வாய் வரல. அதோட நின்னுபோச்சு."

இத்தனை காலமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். எனக்குத் தெரியாது. அவன் ஹெல்மெட்டைப் பார்த்தேனே தவிர, அதற்கடியில் என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை.

"சண்முகவேல் சார்ட்ட கேக்கலயாலே?"

"கேட்டேம்லா. கனியப் பாரு, இத்தன வருசத்துல வாயத் தொறந்து ஒண்ணு கேட்டிருக்காவளா, ஒனக்கு என்ன அவசரம்னு சொல்லிட்டாரு. அதுலருந்துதான் ஒங்களப் பாத்தாலே எனக்கு ஒரு மாரி வந்துச்சு அக்கா. நீங்களும் பேச்சக் கொறச்சிட்டிய."

நான் கேட்டது இல்லையாம்! அவர் அறையில் நின்று வாய்விட்டுக் கேட்டவள் நான். என்னைக் காட்டி அவனை அடக்கியிருக்கிறார், அவனைக் காட்டி என்னை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவருக்கு நிம்மதி. ஒப்பிட்டுப் பார்த்தது எங்கள் தப்பில்லை. தனித்தனியாக ஒப்பிட்டோம், அதுதான் பிசகு.

"வடையத் தின்னுலே. நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து போவோம்" என்றேன்.

ஏதாவது ஒன்று

போனோம். சண்முகவேல் சார் எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குப் போர்டிங், ஜெரால்டுக்கு நிரந்தர வேலை. இரண்டையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு வெண்ணெய் மாதிரி பேசினார்.

"ரெண்டு விசயத்தத் தூக்கிட்டு மேலிடத்துக்குப் போனா ரெண்டும் போயிரும். ஏதாவது ஒண்ணு கேட்டுப் பாக்கேன். யாருக்குங்கத நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க."

ஜெரால்டு என்னைப் பார்த்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு எலும்புத் துண்டைப் போட்டுவிட்டு அவர் பேனாவை மூடினார்.

"ரெண்டையும் கேளுங்க சார். இல்லன்னா ரெண்டையும் விட்ருங்க" என்றேன்.

"இது பேராச கனி."

அவர் இரண்டையும் விட்டுவிட்டார். மாதங்கள் போயின. ஆனால் மீன் வறுவல் மறுபடி வந்தது. அதைச் சொல்ல வேண்டும்.

யார் மிஸ்டர் கனி?

அப்புறம் ஒரு கப்பல், காற்றாலை இறக்கைகளை ஏற்றிப்போக முதன்முதலாக எங்கள் துறைமுகத்துக்கு வந்தது. வரும் வழியில் அதில் ஒரு மாலுமிக்கு அம்மா இறந்துபோன செய்தி வந்துவிட்டது. அவனைத் தூத்துக்குடியில் இறக்கி ஊருக்கு அனுப்ப வேண்டும். கேப்டனின் மெயிலில் அவ்வளவு பதற்றம். ஒவ்வொரு அலுவலகமாகப் போனில் கெஞ்சிக் கூத்தாடி எல்லா அனுமதியையும் முன்கூட்டியே வாங்கிவைத்தேன். கப்பலைத் துறையில் கட்டிய கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டான்.

வழக்கம்போலப் பொன்னாடை போனது, கேடயம் போனது, மக்ரூன் போனது. சண்முகவேல் சாரும் ஜெரால்டும் போனார்கள். அங்கே நடந்ததை ஜெரால்டுதான் பிறகு சொன்னான்.

பொன்னாடை போர்த்தப்போனபோது கேப்டன் கையை நீட்டித் தடுத்தாராம். "முதலில் மிஸ்டர் கனி எங்கே? நான் அவர் கையைக் குலுக்க வேண்டும்."

சண்முகவேல் சார் ஜெரால்டின் தோளில் தட்டி, "இவர்தான் மிஸ்டர் கனி" என்று இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார்.

கேப்டன் ஜெரால்டின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். கண் கலங்கியிருந்ததாம். ஜெரால்டின் மேனேஜர், அவன் கான்ட்ராக்ட், அவன் கல்யாணம் எல்லாம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தன. இருந்தும் சொல்லிவிட்டான்.

"மன்னிக்கணும் கேப்டன். நான் கனி இல்லை. கனி ஒரு பெண். ஆபீசில் இருக்கிறார்."

கேப்டன் பொன்னாடையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, அவர் வரட்டும், அப்புறம் போட்டோ எடுக்கலாம் என்றாராம்.

என் போன் அடித்தது. "கனி, ஒடனே ஆட்டோ புடிச்சு ஹார்பருக்கு வாங்க. பாஸு நான் ரெடி பண்ணுதேன்."

லேசில் கிடைக்காத அந்தப் பாஸ், என் ஆட்டோ போய் நிற்பதற்குள் வாசலில் தயாராக இருந்தது. யாருடைய ஷூவையோ மாட்டிவிட்டார்கள். ஜெரால்டு கீழே இறங்கி வந்து தன் வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் வைத்து வாரை இறுக்கினான்.

அன்று நான் கட்டியிருந்தது சேலைதான். சேலையில்தான் ஏறினேன். அலுமினியப் படி. இரண்டு பக்கமும் கைப்பிடி, கீழே வலை. கொஞ்சம் ஆடியது. திருச்செந்தூர் பஸ்ஸின் படிக்கட்டு அதைவிட ஆடும். ஏறத் தொடங்கினேன் என்று நினைப்பதற்குள் மேலே நின்றேன்.

உள்ளே எண்ணெய் நாற்றமும் வெங்காயம் வதங்கும் வாசனையும் கலந்து வந்தன. கேப்டனின் அறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சில கோப்புகள், ஒரு பிளாஸ்டிக் பூச்செடி. திரையில் நான் அனுப்பிய கடைசி மெயில் திறந்திருந்தது. அவர் எழுந்து நின்று, இத்தனை நாள் மிஸ்டர் என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டார். பொன்னாடையை எடுத்து எனக்கே போர்த்தினார். காபி வந்தது.

சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வந்தது கோபம். இதற்கா? இந்த நாலு படிக்கா? என் மேசை மாதிரியே இருக்கிற இந்த ஒரு மேசைக்கு எதிரில் உட்கார்ந்து காபி குடிப்பதற்கா என்னை இத்தனை வருஷம் கீழே நிறுத்திவைத்தீர்கள்? கண்ணீர் கொட்டியது. கேப்டன் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு காகிதக் கைக்குட்டையை நீட்டினார். சண்முகவேல் சார் போட்டோவுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் கேட்டதுதானே

அந்த வாரக் கடைசியில் சண்முகவேல் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் பல்.

"நீங்க கேட்டது கெடச்சிருச்சு கனி. வார திங்கக்கெழமைலருந்து போர்டிங் நீங்கதான்."

"ஜெரால்டு?"

"அவன் கான்ட்ராக்ட்டு இந்த மாசத்தோட முடியுது. புதுப்பிக்கல. அவன் எடத்துலதான ஒங்களப் போடுதோம். அவன மாரி ஆகணும்னுதான ஆசப்பட்டிய?"



"எனக்கு அவன் எடம் வேண்டாம் சார். எனக்கு என் எடம் வேணும். அவன அனுப்புனா நானும் போறேன். நாளைக்கு ரெண்டு கப்பல் வருது. மிஸ்டர் கனி வேலைய விட்டுட்டார்னு ரெண்டு கேப்டனுக்கும் நீங்களே மெயில் போட்ருங்க."

பையை எடுத்துக்கொண்டு பீச் ரோட்டுக்கு வந்து ஆட்டோவுக்கு நின்றேன். வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தேன். கடை வருமானம் ஒன்றை நம்பி இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆட்டோ வருவதற்கு முன் ஜெரால்டு ஓடிவந்தான். சார் கூப்பிடுகிறாராம், இரண்டு பேரையும்.

அவன் கான்ட்ராக்ட்டைப் புதுப்பித்தார்கள். கான்ட்ராக்ட்டாகவே. இப்போது ஒரு கப்பலுக்கு நான் ஏறுகிறேன், அடுத்ததற்கு அவன் ஏறுகிறான். என் மெயில்களின் கீழே செல்வக்கனி என்று முழுப் பெயர் போடுகிறேன்.

சமீபத்தில் ஒரு நாள், கப்பலிலிருந்து இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஜீப்பில் காத்திருந்த சண்முகவேல் சார் நல்ல மனநிலையில் இருந்தார்.

"என்ன கனி, இப்ப சந்தோசந்தான?"

கொஞ்ச தூரத்தில் ஜெரால்டு அடுத்த கப்பலின் காகிதங்களோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.

"அவனப் பெர்மனென்ட் ஆக்கிட்டு வந்து கேளுங்க சார்" என்றேன்.